தொடாமல் அறிதல்: நச்சு படிந்த பரப்புகளும் லேசர் இராமன் நிறமாலையியலும்

2018 மார்ச் 4ஆம் நாள் இங்கிலாந்தின் சாலிசுபரி நகரில் முன்னாள் உளவாளி ஒருவரும் அவருடைய மகளும் நரம்பு நச்சால் தாக்குண்டு மயங்கிய நிலையில் காணப்பட்டனர். அவ்வீட்டுக்குச் சென்ற காவலர் ஒருவரும் பாதிக்கப்பட்டார். நச்சின் செறிவு மிகுந்திருந்த இடம் வீட்டின் முன்கதவே எனக் காவல்துறை அறிவித்தது அம்மாதம் 28ஆம் நாளில்தான். எளிதில் ஆவியாகாத நச்சு நீர்மங்கள் காற்றில் தடயம் விடுவது அரிது. ஆவியை உணரும் கருவிகளால் அவற்றைக் கண்டறிதல் கடினம். பரப்பைத் துடைத்து மாதிரி எடுக்கலாமெனின், துடைப்பவர் நச்சை நெருங்கவேண்டும். துடைக்கவேண்டிய இடமும் தெரிந்திருக்கவேண்டும்.

தொலைவிலிருந்து ஆராயும் முறைகளுள் இராமன் சிதறலைப் பயன்கொள்வது குறிப்பிடத்தக்கது. சர் சி. வி. இராமன் 1928இல் கண்டறிந்த இவ்விளைவில், சிதறும் ஒளியில் ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்கு மட்டுமே மூலக்கூற்று அதிர்வுக்கேற்ப அலைநீளம் மாறித் திரும்புகிறது. அம்மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடுவதால் அது மூலக்கூற்றின் கைரேகை போன்றது. செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி சுமார் 7 மீட்டர் வரையிலான பாறைகளை ஆராயும் லேசர் முறையோ தனிமங்களையே காட்டும். பாசுபரசு உண்டு என்று அது கூறலாம். அது நரம்பு நச்சிலுள்ளதா உரத்திலுள்ளதா என்பதைப் பிரித்துரைப்பது அதற்கு அரிது.

திரும்பும் ஒளி தொலைவின் இருமடிக்கேற்பக் குறைகிறது. ஆகவே அலைநீளத் தேர்வே இங்கு முதன்மையானது. சிதறலின் வலிமை அலைநீளத்தின் நான்மடிக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், 1064 நானோமீட்டருக்கு மாற்றாக 266 நானோமீட்டரைக் கொண்டால் அது கொள்கையளவில் 256 மடங்காகும். 250 நானோமீட்டருக்குக் கீழே இன்னொரு நன்மையும் உண்டு. பரப்பின் உடனொளிர்வு பெரும்பாலும் இராமன் குறிகைக்கு அப்பால் நீண்ட அலைநீளங்களில் விழுகிறது. அப்பகுதிக் கதிரவன் ஒளியை ஓசோன் படலம் முன்னரே உறிஞ்சிவிடுகிறது. எனவே நண்பகலிலும் அளவிட இயலும். 15 மீட்டர் சென்று மீள ஒளிக்கு 100 நானோநொடி ஆகும். அக்கணத்தில் மட்டும் உணரியைத் திறந்து பிற ஒளியை மேலும் விலக்கலாம்.

ஆயினும் புற ஊதாக் கதிர் சில பொருள்களைச் சிதைக்கும், கருவிழிக்கும் தீங்கானது. கற்காரையின் நுண்துளைகளுள் ஊறிய நச்சை அது எட்டுவதில்லை. ஆகவே குறிகை இன்மையைத் தூய்மைக்குச் சான்றாகக் கொள்ளல் தகாது. இவற்றினும் பெரிய தடை ஒளிப்புள்ளியின் சிறுமை என்பது என் கருத்து. ஒரு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் கொண்ட கதவை 2 மில்லிமீட்டர் சதுரங்களாகப் பகுத்தால் 5 இலட்சம் புள்ளிகள் அமையும். புள்ளிக்கு ஒரு நொடி எனினும் ஏறத்தாழ ஆறு நாள்கள் வேண்டும். கற்றையை விரித்தால் ஒளிச்செறிவு குறைந்து, மெல்லிய படிவுகள் தப்பிவிடும். எவ்விடத்தை முதலில் ஆராய்வது என்ற வினா லேசரை ஏந்தியவருக்கும் நீங்குவதில்லை.