சைலன்சர் நட்டைத் தின்னும் உப்புக்காற்று! பளபளக்கும் போல்ட்டை நம்பலாமா?

தூத்துக்குடி:-

முத்து விளைந்த கடல்தான். ஆனால் இரும்புக்கு அது எமன்!

கார் வைத்திருப்பவர்கள் ஒர்க்ஷாப்பில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"அண்ணாச்சி, நட்டு அசைய மாட்டேங்கு. கேஸ் வச்சு அறுக்க வேண்டியதுதான்!"

நட்டு சில ரூபாய். உடைந்த ஸ்டட்டைத் துளை போட்டு எடுக்கும் கூலியோ பல மடங்கு.

காரில் எத்தனையோ போல்ட் இருக்க, சைலன்சர் போல்ட் மட்டும் ஏன் இப்படிப் போகிறது?

வ.உ.சி. துறைமுகத்துக்குப் போகும் வழியில் உப்பளங்கள். காற்றிலும் உப்பு, ரோட்டுப் புழுதியிலும் உப்பு. அது வண்டியின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. வண்டி ஆறியதும் அந்த உப்பு கடல்காற்றின் ஈரத்தை இழுக்கிறது. மறுநாள் மறுபடி சூடு.

உள்ளேயும் எதிரி இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டுமே ஓடும் காரில் அது வெளியே போகாமல் சைலன்சரிலேயே தங்கிவிடும்.

மின்னுவதெல்லாம் எவர்சில்வரா?

"துருப்பிடிக்காத போல்ட் கொடுங்க" என்று கேட்டால் பளபளவென்று ஒன்று கைக்கு வரும். பல நேரம் அது துத்தநாக முலாம் பூசிய சாதா இரும்புதான். துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியசில் உருகிவிடும். இஞ்சினை ஒட்டிய குழாய் அதையும் தாண்டிச் சூடேறும். அப்புறம் முலாம் ஏது?

எவர்சில்வரிலும் ரகம் உண்டு. 304 ரகத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 316 ரகத்தில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் கூடுதலாகச் சேரும். உப்பை எதிர்த்து நிற்பதில் இதுவே கெட்டி. போல்ட் தலையில் 'ஏ2' என்றிருந்தால் 304 வகை. 'ஏ4' என்றால் 316 வகை. விலை கூடத்தான். ஆனால் பின்பக்கச் சைலன்சர் இணைப்புக்கும் கிளாம்புக்கும் ஏ4-தான் சரி. காந்தம் கப்பென்று பிடித்தால் வாங்காதீர்கள். லேசாக இழுத்தால் பயமில்லை.

இஞ்சின் பக்கம் வேண்டாம்!

அதற்காக இஞ்சினில் திருகும் ஸ்டட்டுக்கும் இதையே போட்டுவிடக் கூடாது. சூட்டில் இந்த எவர்சில்வர் வார்ப்பிரும்பைவிட அதிகமாக விரியும், பிடி தளரும். அங்கே கார் கம்பெனி சொன்ன, சூடு தாங்கும் ஸ்டட்தான். பழைய கார்கள் பலவற்றில் பித்தளை நட்டு இருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்பு நட்டு போடுவது வீண்வேலை. பித்தளை துருவேறி ஸ்டட்டோடு ஒட்டாது.

எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை மெஷின் வைத்து வேகமாக முறுக்கினால் மரையோடு மரை கடித்துக்கொள்ளும். பிறகு முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. சூடு தாங்கும் பசையை மரையில் தடவி, கையால் மெதுவாகத் திருக வேண்டும். சாதா கிரீஸ் எரிந்துபோகும்.

உயிருக்கும் ஆபத்து

இணைப்பு தளர்ந்தால் சத்தம் மட்டும் வராது. கார்பன் மோனாக்சைடு கசியும். அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நிறுத்திய காரில் ஏ.சி. போட்டுத் தூங்குகிறவர்கள் கவனிக்க!

காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தாலோ, இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ உடனே ஒர்க்ஷாப்புக்கு விட வேண்டும்.

உப்பளப் பக்கம் ஓடும் வண்டி என்றால், இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவிவிடுவது நல்லது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால், அது வேண்டாம்.