மழை விட்டதும் ஈசல்

விருத்தாசலத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது பீங்கான். ஆனால் அந்த வட்டாரத்துச் செம்மண்ணில் மனிதர் கை படாத மண்வேலையும் நடக்கிறது. அதைச் செய்வது கறையான். நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் புற்றின் கண்கள் திறக்கும், ஈசல் பொலபொலவென்று புறப்படும்.

ஈசல் தனிப் பூச்சி அல்ல, இறக்கை முளைத்த கறையான்தான். புதிய புற்றுக்கு ராஜாவும் ராணியும் ஆகக்கூடிய இவற்றைப் பழைய புற்று வளர்த்து வைத்திருந்து, மழை மண்ணை இளக்கியதும் வெளியே அனுப்புகிறது. சிறிது நேரமே பறக்கும். தரையிறங்கி, நான்கு இறக்கைகளையும் உதிர்த்து, ஜோடி சேர்ந்து மண்ணுக்குள் போய்விடும். முதல் குஞ்சுகள் வளர்ந்து வேலைக்கு வரும்வரை அந்த ஜோடிக்கு இரை தேடித்தர ஆளில்லை. அதற்கான கொழுப்பையும் புரதத்தையும் உடம்பிலேயே கட்டிக்கொண்டு கிளம்புகிறது. எண்ணெய் விடாமல் வறுத்தாலும் ஈசல் மினுமினுப்பது இதனால்தான்.

பிடிப்பவர்களுக்கு இதன் பழக்கம் அத்துப்படி. ஈசல் வெளிச்சத்தை நோக்கி வரும். புற்றருகே குழி வெட்டி, விளக்கை ஏற்றி வைத்தால் வந்து விழும். இருளர் பழங்குடியினர் இதில் தேர்ந்தவர்கள். பிடித்ததை வெயிலில் காயவைத்து, முறத்தில் புடைத்து இறக்கையை நீக்கி, வறுத்துப் பொரியோடும் பொட்டுக்கடலையோடும் கலந்து தின்பார்கள்.

இது பஞ்சத்துக்குத் தின்ற பண்டம் என்று ஒதுக்குவது தவறு. புறநானூற்றின் 119ஆம் பாடலில் கபிலர், பாரியின் நாட்டு வளத்தைச் சொல்லும்போதே செம்புற்று ஈசலை மோரில் புளிக்கச் சமைத்ததைச் சேர்க்கிறார். வளத்தின் வரிசையில் இருந்த உணவு அது.

உலகம் இப்போது இந்தப் பக்கம் திரும்புகிறது. சுமார் 200 கோடிப் பேரின் உணவில் பூச்சிகள் உண்டு என்று ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு 2013இல் மதிப்பிட்டது. உண்ணப்படும் வகைகள் 1,900க்கும் மேல். ஒடிசாவின் மயூர்பஞ்ச் செவ்வெறும்புச் சட்னி 2024இல் புவிசார் குறியீடு பெற்றது. அதே ஆண்டு சிங்கப்பூர் 16 பூச்சி வகைகளை உணவாக அனுமதித்தது.

உண்ணும் பூச்சிகளில் சுவர்க்கோழியைப் பண்ணையில் வளர்க்கலாம். புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் போட்டு வாழும் கறையானை அப்படி வளர்ப்பது கடினம். ஈசல் வேண்டுமென்றால் புற்று இருக்க வேண்டும். பறந்து வருவதைப் பிடித்தால் புற்றுக்குச் சேதமில்லை. அவற்றில் பெரும்பங்கு எப்படியும் பறவைக்கும் பல்லிக்கும் தவளைக்கும்தான் போகிறது. ராணிக்காகப் புற்றையே வெட்டினால் அடுத்த மழைக்கு அங்கே எதுவும் வராது.

பூச்சிமருந்து அடித்த தோப்பின் ஈசலைத் தொடக் கூடாது. இறால், நண்டு ஒவ்வாதவர்களுக்கு ஈசலும் ஒவ்வாமல் போகலாம்.