பந்தயக் கார்களின் இலச்சினைகளும் யதார்த்தம் பற்றிய வினாவும்

வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக நடப்பவர் கடைகளின் பெயர்ப்பலகைகளைச் சற்று நிதானித்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அவற்றுட் பலவற்றில் கடையின் பெயரிலும் பார்க்கப் பலகையைச் செய்துகொடுத்த கம்பனியின் இலச்சினையே பெரிதாக இருக்கும். கொட்டாஞ்சேனையின் முச்சக்கர வண்டிகளிலோ, வண்டிக்காரருக்கு ஒரு சதமும் கொடாத கம்பனிகளின் ஸ்டிக்கர்களைக் காணலாம். விளம்பரம் இவ்வாறு இயற்கைக் காட்சிபோற் பழகிவிட்ட சூழலிலேயே எமது இளைஞர் கார்ப் பந்தய வீடியோ விளையாட்டுக்களை ஆடுகின்றனர். மெய்யான கார்களிலுள்ள அனுசரணையாளர் இலச்சினைகள் திரையிலும் பிசகின்றி இருத்தல் வேண்டும் என்பது அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. இதனை அற்பமானதெனத் தள்ளிவிடல் தகாது. யதார்த்தம் யாது என்னும் பழைய இலக்கிய வினாவே ஈண்டுப் புதிய உடையில் எழுகின்றது.

இலச்சினைகள் திரைக்கு வரும் முறையை முதலில் நோக்குவோம். காரின் முப்பரிமாண வடிவம் அமைக்கப்பட்ட பின்னர், அதன் மேற்பரப்பு, தைத்த சட்டையைப் பிரித்துத் துண்டுகளாகப் பரப்பினாற்போலத் தட்டையாக விரிக்கப்படுகின்றது. அதன்மீது நிறங்களும் எழுத்துக்களும் தீட்டப்பட்டு, மீண்டும் வடிவத்தின்மேற் போர்த்தப்படுகின்றன. இதிற் பெருஞ்சிக்கல் தொழில்நுட்பத்திலன்று, உடைமையிலேயே உள்ளது. காரின் வடிவம் ஒருவருக்கு, பந்தயத் தொடரின் பெயர் இன்னொருவருக்கு, ஒவ்வோர் இலச்சினையும் வெவ்வேறு கம்பனிகளுக்குச் சொந்தம். ஒப்பந்தம் எட்டும் தூரம் வரையே துல்லியமும் எட்டுகின்றது.

ஒப்பந்தத்தோடு சட்டமும் இங்கு குறுக்கிடுகின்றது. 1968இல் லோட்டஸ் அணியின் கார்கள் 'கோல்ட் லீஃப்' சிகரெட்டின் பெயரையும் நிறங்களையும் தாங்கிப் போர்முலா 1 பந்தயங்களில் ஓடத் தொடங்கின. 1972இல் அவ்வணி 'ஜோன் பிளேயர் ஸ்பெஷல்' சிகரெட்டின் கறுப்பையும் பொன்னையும் பூண்டது. ஜோன் பிளேயர், கோல்ட் லீஃப் என்பன கொழும்பின் பெட்டிக்கடைகளுக்கு அந்நியமான பெயர்கள் அல்ல. பின்னர் நிலைமை மாறியது. 1998இல் ஐக்கிய அமெரிக்க மாநிலங்களுக்கும் பெரும் புகையிலைக் கம்பனிகளுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கை, பணங்கொடுத்து வீடியோ விளையாட்டுக்களிற் சிகரெட்டுப் பெயர்களைப் புகுத்துவதைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2005 ஜூலை இறுதியில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தையும் அனுசரணையையும் தடைசெய்தது.

இத்தடைகளின் பின்னர் வெளிவந்த 'எஃப் 1 2017' என்னும் விளையாட்டில், 1988இல் 16 பந்தயங்களுள் 15ஐ வென்ற மக்லாரன் கார் அதே சிவப்பு வெள்ளை நிறத்தில் வருகின்றது. 'மார்ல்பரோ' என்னும் பெயர் மட்டும் இல்லை. பெயர் போயிற்று, நிறம் நின்றது. நிறமே பெயரின் வேலையைச் செய்யும் என்பதைக் கம்பனிகள் முன்னரே அறிந்திருந்தன. ஜோர்டன் அணியின் கார்கள் தடையுள்ள நாடுகளில் 'பென்சன் அன்ட் ஹெட்ஜஸ்' என்பதன் ஆங்கில எழுத்துக்கள் சிலவற்றை நீக்கி, 'பீ ஒன் எட்ஜ்' என்னும் வாசகத்தோடு ஓடியமை இதற்குச் சான்று. அவ்வணியிலேதான் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், போர்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியராக 2005இல் இடம்பெற்றார். அக்காரில் டாட்டாவின் பெயரும் இருந்தது. தமிழ் இளைஞர் ஒருவரின் திறமை உலகத் தடத்தை அடைவதற்கும் மூலதனத்தின் துணை வேண்டியிருந்தது என்பதை அவ்வெழுத்துக்கள் கூறுகின்றன. இலச்சினை வெறும் அலங்காரமன்று; யார் பணம் கொடுத்தார் என்பதற்கான பற்றுச்சீட்டு அது.

இவ்விடத்தில் லூக்காக்ஸ் 1936இல் எழுதிய 'எடுத்துரைத்தலா, விவரித்தலா?' என்னும் கட்டுரை எமக்குத் துணைபுரிகின்றது. அவர் இரு குதிரைப் பந்தயங்களை ஒப்பிடுகின்றார். சோலாவின் 'நானா'வில் பந்தயத்தின் ஒவ்வோர் அம்சமும் நுணுக்கமாக விவரிக்கப்படுகின்றது. ஆயினும் அது கதையோட்டத்துடன் தளர்வாகவே இணைந்துள்ளது. தோல்ஸ்தோயின் 'அன்னா கரீனினா'விலோ விரோன்ஸ்கி குதிரையிலிருந்து வீழ்வது அன்னாவின் வாழ்வையே திருப்பிவிடுகின்றது. முன்னையது இயற்பண்புவாதம், பின்னையது யதார்த்தவாதம். எமது வீடியோ விளையாட்டு சோலாவின் வழியது. ஸ்டிக்கரின் ஓரம்வரை அது காட்டுகின்றது. அந்த ஸ்டிக்கரை அங்கு ஒட்டவைத்த சமூக உறவைக் காட்டுவதில்லை.

இரசிகரின் பங்கும் கவனத்திற்குரியது. 'கிரான் டுரிஸ்மோ ஸ்போர்ட்' (2017) விளையாட்டில் 2024 ஜனவரி வரை ஆடுவோர் தாமே இலச்சினைகளை வரைந்து கார்களில் ஒட்டக்கூடியதாக இருந்தது. இவ்வாறான வசதி கிடைக்குமிடமெல்லாம் இரசிகர் விடுபட்ட இலச்சினைகளை இரவிரவாக நிரப்புகின்றனர். அது கலைஞனின் ஈடுபாடுதான். எனினும் கூலியற்ற அவ்வுழைப்பு ஒருபுறம் விளையாட்டை விற்கும் கம்பனிக்கும், மறுபுறம் இலச்சினையின் உடைமையாளருக்கும் பயன்தருகின்றது.

அவ்வாறாயின் அழிக்கப்பட்ட சிகரெட்டுப் பெயர்கள் மீண்டும் எழுதப்படல் வேண்டுமா? வேண்டாம் என்பதே எமது கருத்து. சிறுவரின் நுரையீரலிலும் பார்க்கத் துல்லியம் பெரிதன்று, சட்டம் சரியானதே. ஆனால் அழித்தது தெரியாமல் அழிப்பதும் ஒருவகைப் பொய்யாகும். பல்லாண்டுகளாகப் புகையிலைப் பணத்தில் வளர்ந்த ஒரு விளையாட்டு, இன்று தூய நிறங்களின் அழகாக மட்டும் எஞ்சிவிடுகின்றது. பழைய காரைக் காட்டும் திரையில், இக்காருக்குப் பணம் கொடுத்தவர் யார், அப்பெயர் ஏன் நீக்கப்பட்டது என்று இரண்டு வரி எழுதுவதற்கு எந்த ஒப்பந்தமும் தேவையில்லை. அவ்விரு வரிகளும் இல்லாதவரை, அவற்றை இளைஞருக்கு எடுத்துரைப்பது விமர்சகரின் கடமையாகின்றது.