கோப்பின் பெயர் சொன்ன பொய்

சென்ற ஆண்டு, பலதுறைத் தொழிற்கல்லூரியின் வேலைப் பயிற்சிக்காக ஒரு நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்தேன். லினக்ஸ் கணினிகளின் தணிக்கைப் பதிவுகளைப் படித்து, தினமும் காலையில் ஒரு பக்க அறிக்கை தயாரிப்பது என் வேலை. கண்காணிக்கச் சொன்ன கோப்புகளை யார், எப்போது திறந்தார், மாற்றினார், அழித்தார் என்பதை அந்தப் பதிவு குறித்துவைக்கும். ஏதாவது தவறு நடந்தால் முதலில் தேடப்படும் சாட்சி அதுதான்.

முதல் வாரத்தில், சோதனைக்காக ஒரு கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தேன். பதிவில் அந்தப் பெயரைக் காணோம். அதன் இடத்தில் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த நீண்ட சரம் ஒன்று கிடந்தது. கணினிக்குத் தமிழ் தெரியவில்லையே என்று எரிச்சல் வந்தது. உடனே பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினேன். அது அத்தகைய சரங்களை எல்லாம் எழுத்துகளாக மாற்றிப் புதிய கோப்பில் எழுதும்; பிறகு அந்தக் கோப்பை வரிவரியாகப் படித்து அறிக்கை தயாரிக்கும். தமிழ்ப் பெயர் பளிச்சென்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அறிக்கையில் ஒரு வரி என்னைத் திடுக்கிட வைத்தது. அதிகாலை 2 மணிக்குச் சம்பளப் பட்டியலை ஒருவர் அழித்திருந்தார். பயனர் பெயர் என் மேற்பார்வையாளருடையது!

அவரிடம் கேட்பதற்கு முன்பே பக்கத்து மேசை நண்பரிடம் சொல்லிவிட்டேன். பிறகுதான் தயங்கித் தயங்கி அறிக்கையை அவரிடம் நீட்டினேன். அவர் கோபப்படவில்லை.

“மூலப் பதிவில் இந்த வரி எங்கே இருக்கிறது, காட்டு தம்பி,” என்றார்.

தேடினேன். இல்லை. சம்பளப் பட்டியலும் பத்திரமாக இருந்தது.

“உன் நிரலைச் சோதிக்க நேற்று நான்தான் ஒரு கோப்பை உருவாக்கினேன். அந்த வரி அதன் பெயருக்குள் இருந்தது,” என்றார்.

பெயருக்குள் ஒரு வரி

லினக்ஸில் கோப்பின் பெயரில் சாய்கோடும் சுழிய பைட்டும் மட்டுமே கூடாது. இடைவெளி, மேற்கோள் குறி, ஏன், வரியை முறிக்கும் குறியீடுகூட இருக்கலாம். அவர் பெயரின் நடுவே வரிமுறிவை வைத்து, அடுத்து அசல் பதிவைப் போலவே ஒரு பொய் வரியை எழுதியிருந்தார்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இதில் ஏமாறவில்லை. பயனர் கொடுத்த பெயரைப் பதிவில் எழுதும் முன் அதை ஒவ்வொரு பைட்டாகச் சோதிக்கிறது. சாதாரண ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் மட்டும் இருந்தால், மேற்கோள் குறிகளுக்குள் அப்படியே எழுதும். இடைவெளி, மேற்கோள் குறி, கட்டுப்பாட்டுக் குறியீடு, 126ஐத் தாண்டிய பைட் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், பெயர் முழுவதையும் பதினறும எண்களாக்கி மேற்கோள் குறியின்றி எழுதும். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் ‘டெஸ்ட் 1’ என்று பெயர் வைத்தால் 746573742031 என்று பதிவாகும். அதிலுள்ள 20தான் இடைவெளி.

‘அ’ என்ற ஒரே எழுத்து யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள். மூன்றுமே 126ஐத் தாண்டியவை. என் கோப்பின் பெயர் எண்ணாக மாறிய காரணம் இதுதான். கெர்னல் பூட்டி வைத்ததை நான் திறந்துவிட்டு, வெளியே வந்த பொய்யைச் சாட்சியம் என்று நம்பியிருக்கிறேன்.

கடைசியில் திறப்போம்

நிரலைத் திருத்தினேன். இப்போது அது முதலில் மூலப் பதிவின் வரிகளையும் புலங்களையும் பிரிக்கும். யார், என்ன செய்தார் என்பதை அதை வைத்தே முடிவு செய்யும். பெயரை எழுத்தாக மாற்றுவது கடைசியில், திரையில் காட்டும்போது மட்டுமே. அப்போதும் வரிமுறிவு போன்றவை கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களாகவே வரும். சில கட்டுப்பாட்டுக் குறியீடுகள் திரையில் இருப்பதையே அழித்து எழுதக்கூடியவை என்பதால் இந்த எச்சரிக்கை. லினக்ஸின் ‘ஏயூசர்ச்’ கருவியிலேயே இதற்கான வசதி உண்டு. நான் அதை முன்பே படித்திருக்கலாம்.

வெளியிலிருந்து வரும் சரத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் உலகமே பார்த்தது. ஜாவா நிரல்கள் பதிவு எழுதப் பயன்படுத்தும் ‘லாக்4ஜே’ நூலகம், சில சரங்களைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. அதன்வழி வேறு கணினியிலிருந்து நிரலை வரவழைத்து இயக்க முடிந்தது. அந்தக் குறைபாட்டுக்கு 10க்கு 10 என்ற உச்ச அபாயப் புள்ளி தரப்பட்டது.

என் நிரலைத் திருத்த ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. பக்கத்து மேசைக்குப் போய், “நான் சொன்னது தவறு,” என்று சொல்லத்தான் மறுநாள்வரை ஆயிற்று.