அறுந்த நுனியைப் பாருங்கள்

தையல் மிஷினில் நூல் அறுந்ததும் கை தானாகப் போகும் இடம் டென்ஷன் திருகு. கொஞ்சம் தளர்த்துகிறோம், மறுபடி அறுகிறது. இன்னும் தளர்த்தினால் அடிப்பக்கத்தில் நூல் சுருள் சுருளாகத் தொங்குகிறது. அதைச் சரிசெய்ய, அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் பாபின் கேஸின் குட்டித் திருகையும் முறுக்குகிறோம். அரை மணி நேரத்தில் மிஷின் முதலில் எந்த நிலையில் இருந்தது என்பதே மறந்துபோகிறது. இத்தனையிலும் அறுந்த நூலின் நுனியை மட்டும் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. கோளாறைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல தடயம் கிடையாது.

குவில்ட் தைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிட அதிகம். குவில்ட் மூன்று அடுக்கு கொண்டது: பல துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சுப் படலம், கீழே அடித்துணி. மூன்றும் நகராமல் பிணைத்துப் படம் படமாகத் தைப்பதுதான் குவில்டிங். அமெரிக்காவில் இதற்குப் பெரிய மரபு உண்டு; கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் 1991இல் திறக்கப்பட்டது. அங்கே இதற்காக நீளக்கை மிஷின்கள் வைத்திருக்கிறார்கள். சாதாரண மிஷினில் துணி நகரும், மிஷின் நிற்கும். நீளக்கை மிஷினில் துணி சட்டத்தில் விரித்துக் கட்டப்பட்டிருக்கும். மிஷின்தான் சக்கரங்களில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடும். ஊசி துணிக்குள் இருக்கும்போதே கை மிஷினை எந்தத் திசையிலும் இழுக்கலாம். நூலுக்கு வரும் பாதிக் கஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது.

தையல் மட்டும் புதிதல்ல. நம் தெருமுனைத் தையற்கடை மிஷின் போடுகிற அதே பூட்டுத் தையல்தான். எலியஸ் ஹோ 1846இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது இந்தத் தையலுக்கான மிஷினுக்கு. 1851இல் ஆலன் வில்சன் சுழலும் கொக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய நீளக்கை மிஷின்களிலும் அந்தக் கொக்கியின் வழிவந்ததுதான் சுழல்கிறது. ஊசி அடிவரை இறங்கி இரண்டு மில்லிமீட்டர் அளவு மேலே எழும்போது, நூல் துணியின் பிடியில் பின்தங்கி ஊசியின் ஒரு பக்கம் சிறு வளையமாக உப்பும். கொக்கியின் முனை அந்த வளையத்துக்குள் புகுந்து, அதைப் பாபினைச் சுற்றி இழுத்துக்கொண்டு போகும். சுற்றி முடிந்ததும் மேலே உள்ள நெம்புகோல் மிச்ச நூலை மேலே இழுத்துக்கொள்ளும். மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்ளும்.

மேல்நூல் ஏன் அதிகம் அறுகிறது என்பதற்குப் பதில் இந்தச் சுற்றில் இருக்கிறது. பாபினைச் சுற்றி வர ஏறக்குறைய 8 முதல் 10 சென்டிமீட்டர் நூல் வேண்டும். ஆனால் ஒரு தையலில் செலவாவது நான்கு மில்லிமீட்டர் போலத்தான். மீதியெல்லாம் திரும்ப மேலே போகிறது. ஆகவே நூலின் ஒவ்வொரு புள்ளியும் துணியில் நிலைபெறும் முன் ஊசிக் கண் வழியாக இருபது, இருபத்தைந்து முறை கீழே போய் மேலே வருகிறது. தையலைச் சிறிதாக்கினால் இந்த எண்ணிக்கை இன்னும் கூடும். பாபின் நூலுக்கு இந்த வதை இல்லை. அது ஒரே ஒருமுறை வெளியே வந்து பூட்டுப்படுகிறது. மேலே பளபளப்பான அலங்கார நூல் போட்டு அவதிப்படுபவர்கள் அதையே பாபினில் சுற்றி, துணியைத் தலைகீழாக வைத்துத் தைப்பது இதனால்தான்.

இனி அறுந்த நுனிக்கு வருவோம். ஒரு கண்ணாடி லென்ஸ் இருந்தால் போதும். நுனி தூரிகைபோல் பிரிந்து பஞ்சடித்திருந்தால் அது உராய்வின் வேலை: ஊசி நூலுக்குப் பொருந்தாத அளவு சிறியது, அல்லது ஊசிக் கண்ணில் பிசிறு. கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தால் எங்கோ ஒரு கூர்விளிம்பு இருக்கிறது. ஊசி இறங்கும் தட்டின் துளையிலோ கொக்கியிலோ ஊசி என்றைக்கோ மோதி விட்ட காயம். நுனி பன்றி வால்போல் சுருண்டிருந்தால் நூல் நீண்டு, தாங்க முடியாமல் அறுந்திருக்கிறது. டென்ஷன் திருகைச் சந்தேகிக்க வேண்டியது இந்த ஒரு நிலையில்தான். நுனியில் கடினமான சிறு மணி திரண்டிருந்தால் நூல் உருகியிருக்கிறது. பாலியஸ்டர் உருகுவது சுமார் 255 டிகிரி செல்சியஸில். அதிவேகத்தில் அடர்ந்த துணியைக் குத்தும் ஊசி 200 டிகிரியைத் தாண்டிச் சூடாவது ஆலைகளில் தெரிந்த விஷயம். மிஷின் ஓடும்போது நூல் நகர்ந்துகொண்டே இருப்பதால் தப்பிக்கும். நிறுத்திய கணத்தில் சூடான கண்ணில் ஒரே இடம் ஒட்டி நின்று இளகும். பருத்தி நூல் உருகாது, ஆனால் அதன் பலம் குறைவு.

ஊசி விஷயத்தில் நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மிஷினிலேயே மலிவான பாகம் அதுதான், அதைத்தான் கடைசியாக மாற்றுகிறார்கள். ஊசியின் மேல் உள்ள 90 என்ற எண் அதன் தண்டின் விட்டம் 0.90 மில்லிமீட்டர் என்பதைச் சொல்கிறது. ஊசிக்கும் கொக்கி முனைக்கும் இடையில் விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஊசி துணிக்குள் இருக்கும்போது மிஷினை வேகமாக இழுத்தால் ஊசி வளைகிறது. ஒரு பக்கம் வளைந்தால் கொக்கி வளையத்தைப் பிடிக்காமல் தையல் விட்டுப்போகும். மறுபக்கம் வளைந்தால் கொக்கியில் உரசி நூல் பிய்யும். வட்டம் போடும்போது ஒரு பாதியில் மட்டும் நூல் அறுவதும் இதனால்தான். உருண்டைத் தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடங்கில் கூடும். 90 ஊசியை எடுத்துவிட்டு 100 போட்டால் தடிமன் பத்தில் ஒரு பங்கு போலத்தான் கூடுகிறது, விறைப்போ சுமார் 50 சதவீதம் கூடுகிறது. 110 போட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். நீளக்கை மிஷின்காரர்கள் தடித்த ஊசியை விரும்புவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். ஊசி நூலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு முழம் நூலில் ஊசியைக் கோத்துச் சாய்வாகப் பிடித்தால் போதும். தானே வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் கண் போதாது.

டென்ஷன் என்று நாம் சொல்வது திருகு மட்டும் கொடுப்பதல்ல. நூல் சுற்றிய கோனிலிருந்து ஊசி வரை நூல் தொட்டுத் திரும்பும் ஒவ்வொரு வளைவும் இழுவையைக் கூட்டுகிறது. அதுவும் பெருக்கிப் பெருக்கிக் கூட்டுகிறது. முரட்டுக் காளையின் கயிற்றைக் கட்டுத்தறியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் சின்னப் பையன்கூட நுனியைப் பிடித்து நிறுத்திவிடுவான். 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் கணக்குப் போட்டுக் காட்டிய விதி இது. உராய்வுக் கெழு 0.2 என்று வைத்தால், ஒரு முழுச் சுற்றில் இழுவை மூன்றரை மடங்காகும். இரண்டு சுற்றில் பன்னிரண்டு மடங்கு. மிஷினில் நான்கு செங்கோணத் திருப்பம் சேர்ந்தாலே ஒரு முழுச் சுற்றுக்குச் சமம். கோனின் அடி விளிம்பில் நூல் லேசாகச் சிக்குவது ஊசியருகே பலமான இழுப்பாக மாறுவது இப்படித்தான். திருகை மாற்றும் முன் நூலை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி கோத்தால் பாதிக் கோளாறு போய்விடும் என்று பழகிய தையற்காரர்கள் சொல்வதில் இவ்வளவு இயற்பியல் இருக்கிறது.

அடிப்பக்கம் நூல் கொத்தாகச் சேர்ந்தால் எல்லோரும் பாபினைத் திட்டுகிறார்கள். அநேகமாகக் குற்றவாளி மேல்நூல். கொக்கி இழுத்துப்போன நூலை மேலே எதுவும் பிடித்து நிறுத்தாததால் அது அடியிலேயே தங்கிவிடுகிறது. சாதாரண மிஷினில் துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கினால்தான் டென்ஷன் தட்டுகள் விரியும். பாதம் கீழே இருக்கும்போது நூல் கோத்தால் அது தட்டுகளுக்கு நடுவில் போய் உட்காராது. வெளியே சும்மா கிடக்கும். திருகை எவ்வளவு முறுக்கினாலும் பயன் இல்லை.

பாபின் கேஸைச் சோதிக்க எளிய வழி உண்டு. நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாக ஓடி விழுந்தால் தளர்வு. லேசாகச் சுண்டினால் சில விரற்கடை இறங்கி நின்றால் சரி. சுண்டியும் அசையாவிட்டால் இறுக்கம். திருகைக் கால் சுற்றுக்குக் குறைவாகவே திருப்ப வேண்டும். அதற்கும் முன்னால், தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு கனத்த காகிதத்தின் முனையை ஓட்டிப் பாருங்கள். பஞ்சுத் துகள் ஒரு துணுக்கு அங்கே புகுந்தாலும் தகடு உயர்ந்து பிடி போய்விடும். குவில்ட் பஞ்சும் பருத்தி நூலும் சேரும் இடத்தில் இந்தத் துகளுக்குப் பஞ்சமே இல்லை. வேகமாக ஓடிய மிஷின் சட்டென நிற்கும்போது பாபின் மட்டும் தன் வேகத்தில் இன்னும் சுழன்று நூலை அவிழ்த்துவிடுவதும் உண்டு. அதைத் தடுக்கத்தான் கேஸுக்குள் ஒரு சிறு ஸ்பிரிங் வைக்கிறார்கள்.

நூலையும் பார்க்க வேண்டும். மிஷின் நூலின் இழைகள் ஆங்கில இசட் எழுத்தின் நடுக்கோடுபோல், இடது கீழிலிருந்து வலது மேலுக்குச் சாய்ந்து முறுக்கியிருக்க வேண்டும். கொக்கியின் சுழற்சி அந்த முறுக்கை இறுக்கும். எதிர்முறுக்கு நூலைப் போட்டால் தைக்கத் தைக்க இழை பிரியும். குறுக்காகச் சுற்றிய கோனில் நூல் உச்சி வழியாக வர வேண்டும். இணையாகச் சுற்றிய சிறு கண்டு என்றால் கண்டே உருண்டு பக்கவாட்டில் நூலைத் தர வேண்டும். அதையும் உச்சி வழியாக இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு கூடியோ குறைந்தோ போகும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் மேல் திருகு. தைக்கப்போகும் அதே துணி, அதே பஞ்சு, அதே அடித்துணியில் ஒரு துண்டு எடுத்து, மேலே சிவப்பு நூலும் பாபினில் வெள்ளை நூலும் போட்டு, வலச்சுற்றாகச் சில வட்டங்கள், இடச்சுற்றாகச் சில வட்டங்கள் தைத்துப் பாருங்கள். மேலே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மேல்நூலைத் தளர்த்துங்கள். அடியில் சிவப்பு தெரிந்தால் இறுக்குங்கள். இரண்டு நூலும் பூட்டிக்கொள்ளும் முடிச்சு நடுப் பஞ்சுக்குள் மறைந்தால் டென்ஷன் சரி. நேர்கோட்டில் சரியாக இருந்து வளைவில் மட்டும் அடிப்பக்கம் கண்ணிமை மயிர்போல் சிவப்புச் சுருள்கள் வந்தால் திருகை விட்டுவிடுங்கள். அது கை ஊசியைவிட வேகமாக ஓடியதன் அடையாளம். மிஷினில் தையல் நீளத்தைத் தானே சீராக்கும் சென்சார் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வளைவில் கையை நிதானமாக்கி, ஊசியை ஒரு எண் கூட்டிப் பார்க்கலாம்.