பூவுக்கு முத்தம், திரைக்குக் கல்

நாயகியின் கூந்தலில் இருக்கும் பூவை நாயகன் முத்தமிடுகிறான். மௌனப்படக் காலத்துக் காதல் காட்சி, அவ்வளவுதான். அதற்கே திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டரில் திரையை நோக்கிக் கல் பறந்தது.

படம் ‘விகதகுமாரன்’. 1920களின் இறுதியில் அதை எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்தில் வேர் கொண்ட தமிழர்; நிலத்தை விற்றுப் படத்தில் போட்டவர்; கதாநாயகனும் அவரே. பணக்கார வீட்டுப் பையனைக் கடத்திக்கொண்டுபோய் இலங்கைத் தோட்டத்தில் கூலியாக்குகிறார்கள். அவன் தங்கை சரோஜினியை உறவுக்காரனான நாயகன் காதலிக்கிறான். கதையில் சாதிமீறல் மருந்துக்கும் கிடையாது. மீறல் நடந்தது நடிகையைத் தேர்ந்தெடுத்த இடத்தில். நாயர் வீட்டுப் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி, புல் அறுத்துப் பிழைத்த புலையர் சமூகத்துப் பெண். காக்காரிசி நாடகம் ஆடிப் பழகியவர். தான் நடித்த படத்தின் முதல் காட்சிக்கே அவரை உள்ளே விடவில்லை.

மலேசியாவில், கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு இந்த மேல்-கீழ் பார்ப்பது புதுச் சங்கதி அல்ல. துரை பங்களா மேட்டில், கணக்கெழுதும் கிராணி வீடு தனியே, தொழிலாளர் லயம் கீழே. கிராணி மகன் பால்மரம் வெட்டுகிறவர் மகளைக் காதலித்தால் என்ன ஆகும் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோலாலம்பூரில் தமிழ்ப் படத்துக்குப் பேர்போன கொலிசியம் தியேட்டரும் மௌனப்படக் காலத்தில் எழும்பியதுதான். ஏழைப் பையன், பணக்காரப் பெண் காதலுக்கு அங்கே பறந்த விசில் கொஞ்சமா? விசிலடித்த கையோடு பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் குடித்தபடி கல்யாணப் பேச்சை எடுத்தால் முதல் கேள்வி: “அவங்க என்ன ஆளுங்க?”

கேபிட்டலில் பறந்த கல்லோடு நிற்கவில்லை; ரோசியின் குடிசைக்கும் தீ வைத்தார்கள். நாகர்கோவில் போகும் லாரியில் ஏறித் தப்பினார். லாரியை ஓட்டிய கேசவ பிள்ளை அவரையே கல்யாணம் செய்துகொண்டார். அவர் நாயர். திரையில் நாயர் பெண்ணாக வந்ததற்காக விரட்டப்பட்டவர், நிஜத்தில் நாயர் ஒருவரின் மனைவியாக, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார். சினிமா பக்கம் திரும்பவே இல்லை.

‘விகதகுமார’னின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2013இல் வந்த மலையாளப் படம் ‘செல்லுலாய்டு’ டேனியலின் கதையைத்தான் பெரிதும் சொன்னது. நம் ஊரில் ‘கபாலி’யை எடுத்த பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் ரோசி பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. நல்ல காரியம். ஆனால் நூறு வருஷக் காதல் படங்களையும் தள்ளிவைத்துவிட்டு, அந்த லாரிக்காரர் கதையை யாராவது எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு.