திரும்பி வந்த மெயிலைப் படிப்பது யார்?

ஒரகடம் சிப்காட்டில் உதிரிபாகம் செய்து கொடுக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வெண்டர் போர்ட்டலில் 'ஷெட்யூல் மெயில் அனுப்பப்பட்டது' என்று பச்சை டிக் இருக்கிறது. எங்களுக்கோ வரவேயில்லை. யார் சொல்வது பொய்?"

யாரும் பொய் சொல்லவில்லை, ஐயா. போர்ட்டலை ஓட்டும் சர்வர், மெயிலை ஒரு மெயில் சர்வரிடம் ஒப்படைக்கும். அது '250' என்று பதில் சொன்னதும் டிக் விழும். 250 என்றால் 'வாங்கிக்கொண்டேன்' என்று மட்டுமே பொருள்.

பிறகு உங்கள் பக்கத்து சர்வர் 4-இல் தொடங்கும் எண்ணைச் சொன்னால் தற்காலிகத் தடங்கல். மெயில் வரிசையில் காத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் வழக்கமாக 5 நாள்வரை முயலும். ஷெட்யூலோ நாளைக் காலை லோடுக்கு! 5-இல் தொடங்கும் எண் வந்தால் உடனே கைவிட்டு, அனுப்பியவருக்குத் தோல்விச் செய்தி போகும்.

அந்தச் செய்தியில்தான் எனக்குப் பிடித்த விநோதம் இருக்கிறது. அதன் உறையில் அனுப்புநர் இடம் காலி. இரண்டு கோண அடைப்புகள், நடுவே ஒன்றுமில்லை. வேண்டுமென்றே விட்ட காலி அது. அங்கே முகவரி இருந்தால், தோல்விச் செய்தியும் போய்ச் சேராதபோது அதற்கொரு தோல்விச் செய்தி, அதற்கும் இன்னொன்று என்று இரண்டு சர்வர்கள் விடிய விடிய மோதிக்கொண்டிருக்கும். திருப்ப முகவரி இல்லையென்றால் சண்டை அங்கேயே ஓயும். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய மெயில் விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 821-லேயே இந்த யோசனை உண்டு.

இத்தனை கவனமாகச் செய்த ஏற்பாட்டை நாம் என்ன செய்தோம்? அனுப்புநர் முகவரியாக 'நோரிப்ளை' என்று போட்டோம்; அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. கோல்டுஃப்யூஷன் போன்ற அப்ளிகேஷன் சர்வர்களில், ஒப்படைக்கவே முடியாத மெயில் தனி ஃபோல்டருக்குப் போகும். யாராவது எடுத்து மறுபடி வரிசையில் போடும்வரை அங்கேயே கிடக்கும். எங்கள் தெருத் தபால்காரர் ஆளில்லாத வீட்டுக் கடிதத்தில் காரணம் எழுதித் திருப்புவார். அப்படித் திரும்பி வந்த கடிதத்தைப் பிரிக்காமல் குப்பையில் போட்டவரை நான் பார்த்ததில்லை. கம்பெனிகள் அதைத்தான் தினமும் செய்கின்றன. உதிரிபாகம் வராமல் லைன் நின்றால் மட்டும் வெண்டருக்குத் திட்டு.

வாசகர், வாங்கும் கம்பெனியின் பர்ச்சேஸில் இரண்டு கேள்வி கேட்கலாம். வெண்டர் மாஸ்டரில் எங்கள் பெயருக்கு எதிரே எந்த மெயில் ஐடி இருக்கிறது? வேலையை விட்டுப்போன டிஸ்பேட்ச் பையனுடையதாக இருக்கலாம். நோரிப்ளை பெட்டியின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?